நான்கு வரிக் குறிப்பும் இருபத்து நான்கு நாற்றுகளும்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். உங்கள் மகனும் மருமகளும், அதாவது என் மாப்பிள்ளையும் மகளும், புது வீட்டில் நலம். அவர்கள் மொட்டை மாடிக்குச் செடித் தொட்டிகள் வந்து இறங்கிவிட்டன. அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, மூத்த மகள் வீட்டில் வைத்தியம் பலிக்கிறதா என்று அறிய ஆவல். இத்தனை பேருடைய நலத்தை எழுதிவிட்டு, நீங்கள் என்னிடம் விட்டுச் சென்ற தக்காளி நாற்றுகளின் நலத்தை மட்டும் விட்டால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இருபத்து நான்கில் ஒன்பது நலம். மற்ற பதினைந்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் தந்தி ஆபீசில் முப்பது வருஷம் வார்த்தைகளை எண்ணியெண்ணி அனுப்பியவர். போனிலும் "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். நானோ அச்சகத்தில் அதே முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தியவன். அடுத்தவர் வார்த்தைகளையே படித்துக்கொண்டிருந்ததில் சேர்ந்துபோன சொந்த வார்த்தைகள் எல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் வெளியே வருகின்றன, கேட்கத்தான் ஆள் இல்லை. நாம் சம்பந்தியாகி நான்கு வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. உள்ளதைச் சொல்கிறேன், நாற்றுத் தட்டை என் கையில் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனிதர் நம்மை நம்பிவிட்டார், இனி வந்து போவார், உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார் என்று மனக்கோட்டை கட்டினேன். வெள்ளிக்கிழமை வந்து தட்டைப் பார்த்தீர்களானால் அந்தக் கோட்டை இடிந்துவிடும். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் வண்டி ஏறும் அவசரத்தில் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தட்டின்மேல் வைத்து, "எல்லாம் இதுல இருக்கு" என்றீர்கள். பிரித்துப் பார்த்தேன். தலைப்பு இல்லை, தேதி இல்லை, நான்கே வரி. "விளக்கை அணைத்து வைக்கவும். தினமும் தடவவும். நீர் அடிக்கடி. அசைக்க வேண்டாம்." ஒற்றுப் பிழைகூட ஒன்று இல்லை. அப்படிப்பட்ட குறிப்பை நம்பாமல் வேறு எதை நம்புவது?

தட்டோடு நீங்கள் கொடுத்த வளைகழுத்து விளக்கை அன்றைக்கே அணைத்தேன். "வைக்கவும்" என்றும் இருந்ததால் எடுத்துப் பரணில் வைத்தேன். தட்டை ஸ்டோர் ரூம் வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், யார் காலும் படாத இருட்டு மூலையாகப் பார்த்து இருத்தினேன், ஏனென்றால் அசைக்கக் கூடாதே. என் மனைவி தரையைத் துடைக்க வந்தாள், விடவில்லை. தட்டைச் சுற்றி மட்டும் தூசி வட்டம் கட்டி நின்றது. நீர் அடிக்கடி என்பதற்கு மணிக்கணக்கு கொடுக்கப்படாததால், நான் டீ குடிக்கும்போதெல்லாம் அவற்றுக்கும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டேன். நான் ஒரு நாளைக்கு ஐந்து டீ.

"தினமும் தடவவும்" என்பதில்தான் தடுமாறினேன். எதைத் தடவுவது? என் மனைவி யோசித்துவிட்டு, "உங்க சம்பந்திக்கு முட்டிவலி. அவர் வீட்ல தடவறதுன்னா தைலம்தான்" என்றாள். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஓரத்தில் இருந்த ஒரு நாற்றின் இலையில் மட்டும் சோதனையாகத் தடவிப் பார்த்தேன். மறுநாள் அது சுருண்டுவிட்டது. மீதி இருபத்து மூன்று என் சந்தேக புத்தியால் தப்பின.

சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் வாரம் நாற்றுகள் கிடுகிடுவென்று உயர்ந்தன. அடிக்கோல் வைத்து அளந்து மகளுக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டேன். "என்னங்க, வெளுத்துப்போய் நூல் மாதிரி இருக்கே" என்றாள் என் மனைவி. "வளர்ற வயசு, ஒல்லியாத்தான் இருக்கும்" என்றேன். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் ஆறு நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டைக் கிள்ளிவிட்டாற்போல் இற்றிருந்தது. மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சை. பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் வேறு, அதில் ஒன்று என் டீயில் விழுந்தது. அன்று மாலைக்குள் இன்னும் நான்கு போய்விட்டன.

சாய்ந்த நாற்று ஒன்றையும் ஒரு பிடி மண்ணையும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். அங்கே பண்ணைக்கார அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, மண்ணை விரலால் அழுத்தினார். தண்ணீர் சொட்டியது.

"என்ன சார் இது, நாத்து நட்டீங்களா, நீச்சல் பழக்கறீங்களா?"

"அடிக்கடி ஊத்தச் சொல்லியிருந்தாரும்மா."

"யார் சொன்னது? கழுத்து அழுகியிருக்கு பாருங்க. வெளிச்சம் எங்க இருந்து வருது?"

"வெளிச்சமே கிடையாது. விளக்க அணைச்சு வெச்சிருக்கேன்."

"அணைச்சுன்னா, நாத்த ஒட்டினாப்புலயா?"

சம்பந்தி, அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷம் எழுத்து எழுத்தாகப் படித்தவன், அணைப்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டேன். நீங்கள் விளக்கை நாற்றோடு சேர்த்து அணைக்கச் சொன்னீர்கள், நான் ஊதி அணைத்ததுபோல் அணைத்துவிட்டேன். அந்த அம்மா நாற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது வளரல சார். வெளிச்சம் எங்கன்னு தேடி ஓடுது. ஓடின களைப்புல விழுது" என்றார். நான் அடிக்கோல் வைத்து அளந்து பெருமைப்பட்டது அந்த ஓட்டத்தைத்தான் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அவர் சொன்னபடியே அன்றிலிருந்து செய்கிறேன். அழுகியவற்றை மண்ணோடு எடுத்துத் தூர எறிந்தாயிற்று. விளக்கு பரணிலிருந்து இறங்கி, நாற்றுக்கு நான்கு விரல் மேலே, பதினான்கு மணி நேரம் எரிகிறது. தண்ணீர் மேலே ஊற்றுவதில்லை. மேல்மண் உலர்ந்த பிறகு அடித்தட்டில் ஊற்றினால் வேண்டியதை மண்ணே உறிஞ்சிக்கொள்கிறது. நெடுநெடுவென்று நின்றவற்றை அடியிலை வரைக்கும் ஆழமாகப் புதைத்து நட்டேன், தக்காளிக்கு அந்தத் தண்டிலேயே வேர் விடுமாம். தட்டைத் தினமும் பக்கம் திருப்புகிறேன், மெதுவாகக் காற்றாடி சுற்றுகிறது. ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டதில் முதல் நாள் சிக்கியது என் சட்டைக் கை. இதற்குள் இன்னும் நான்கு போய், தைலம் பட்டதோடு சேர்த்துப் பதினைந்து கணக்காயிற்று. மீதி ஒன்பதையும் காலையில் உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுக்கிறேன், தண்டு உரம் ஏறுமாம். "என் தலைய ஒரு நாளாவது இப்படித் தடவியிருப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். இப்போது அவளும் வரிசையில் உண்டு.

எல்லாம் ஒருவாறு அடங்கிய பிறகு உங்கள் குறிப்பைச் சிவப்பு மையோடு மறுபடி படித்தேன். அணைத்து என்பதும் தடவவும் என்பதும் சரி, புரிந்துகொண்டது என் தவறு. ஆனால் மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம், "நீர் அடிக்கடி" என்பது "நீர் அடியில்" என்றுதான் இருந்திருக்க வேண்டும். "அசைக்க வேண்டாம்" என்பது "வேண்டும்" என்று இருந்திருக்க வேண்டும். அவசரத்தில் பேனா வழுக்கியிருக்கிறது, யாருக்கும் நேர்வதுதான். ஆகப் பழியில் பாதி என்னுடையது, பாதி உங்களுடையது என்று வைத்துக்கொண்டு, என்மேல் வருத்தம் இல்லாமல் ஒரு நடை வந்து போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூத்த மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த படிப்பும் கிடைக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

இப்படிக்கு,
ஒன்பது நாற்றுகளோடு காத்திருக்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் போன் வந்துவிட்டது. நீங்கள் பேசியதை உங்களுக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் பதிவாக இருக்கட்டும். "உங்க கைல இருக்கற சீட்டப் படிங்க" என்றீர்கள். படித்தேன். பிறகு, "அது டாக்டர் என் முட்டிக்குச் சொன்னது. சூட்டு விளக்க முட்டியோட அணைச்சு வெக்கணும், தைலம் தடவணும், தண்ணி அடிக்கடி குடிக்கணும், கால அசைக்கக் கூடாது" என்றீர்கள். நாற்றுக் குறிப்பை நீங்கள் பிரித்தே பார்க்காமல் உங்கள் மூத்த மகளிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவரும் அட்சரம் பிசகாமல், மூன்று வாரமாக உங்கள் முட்டிக்கு நான்கு விரல் மேலே பதினான்கு மணி நேரம் விளக்கு எரித்து, பாதத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, முட்டியில் ஒரு சொட்டும் படாமல் காத்து, மெல்லிய காற்றில் தினமும் நாற்காலியைப் பக்கம் திருப்பியிருக்கிறார். டாக்டர் புதிதாகச் சொன்னதாக்கும் என்று நீங்களும் "ம்" போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். இன்றைக்குக் காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்து, "அப்பா, நாலு இலை வந்ததும் தொட்டிக்கு மாத்தணுமாம், இலை எங்க வரும்?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டிருக்கிறது.

"தலைப்பு எழுதியிருக்கலாமே" என்றேன். "ரெண்டு வார்த்தை மிச்சம்னு நெனச்சேன்" என்றீர்கள். "முட்டி?" என்றேன். "நல்லா நடக்கறேன்" என்றீர்கள். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். ஆகவே நான் திருத்திய இரண்டு பிழைகளும் பிழையல்ல, ஏற்றுக்கொண்ட பழியும் பழியல்ல, மேலே உள்ளதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதெல்லாம் அடிக்கப்பட்டதாகக் கொள்ளவும். எழுதியதை வீணாக்க மனம் வராமல்தான் அனுப்புகிறேன். போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம். கடைசியில், வெள்ளிக்கிழமை நாற்றுகளை எடுத்துப்போக எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டதற்கு, "காலைலயே வந்துடறேன், நாத்த சாயங்காலமா எடுத்துக்கலாம்" என்றீர்கள். மதியச் சாப்பாடு இங்கேதான் என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.