மைக் திறந்திருக்கு, ஓவர்

திருகோணமலையில் ஓவர் அண்ணையைப் போல மரியாதையாகச் செத்தவர் யாருமில்லை. ஒரு பின்னேரத்துக்குள் முப்பது தடவையாவது சாவார். பதற வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான்.

துறைமுகத்து இழுவைப் படகொன்றில் வயர்லெஸ் பிடித்தவர். வயர்லெஸில் ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்றால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். வேலை விட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. விளையாட்டில் எதிரி துவக்கால் சுட்டபடி பாய்ந்து வருவான். இவர் நிதானமாக, "தம்பி, உங்களுக்குப் பின்னால ஒராள் நிக்கிறார், ஓவர்" என்பார். அந்த ஓவர் வந்து சேருமுன் என் கதை முடிந்திருக்கும்.

விளையாடும்போது நாங்கள் ஐந்து பேரும் பேசிக்கொள்ள வழி செய்தவரும் அவரே. இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, எங்களுக்கென்று சேர்வர் நடத்தினார். இருந்த ஒரே மின்விசிறியையும் அதன் பக்கம் திருப்பிவிட்டுத் தான் வியர்வையில் குளிப்பார்.

"இந்தப் புரோகிராமை ஆரும் திறந்து பாக்கலாம் தம்பி. ஒளிப்பு மறைப்பில்லை. எல்லாம் திறந்து கிடக்கு, ஓவர்."

திறந்துதான் கிடந்தது, என் மைக்கும்.

அன்று மூதூரிலிருந்து மச்சான் வந்திருந்தான். மைக்கை நிறுத்திவிட்டதாக நினைத்து அவனிடம் அளந்துகொண்டிருந்தேன். "உந்த மனுசனுக்கு விளையாட ஏலாது மச்சான். சேர்வர் வச்சிருக்கிறார் எண்டுதான் சேர்த்து வச்சிருக்கிறம். இல்லாட்டி எப்பவோ ஆளைக் கலைச்சு விட்டிருப்பம். அதோட..."

"தம்பி, மைக் திறந்திருக்கு."

யார் பேச்சிலும் குறுக்கிடாத மனிதர் அன்றுதான் குறுக்கிட்டார். நான் மேலும் உளறி அசிங்கப்படக் கூடாதென்று. ஓவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாளும் சேர்வர் வழக்கம்போல ஓடியது. அதில் அவர் பெயர் இருந்தது, குரல் இல்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று. அதைக் கேட்டிருந்த மற்ற மூவரும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மைக் திறந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பதிலில்லை. ஒரு நிமிடம் போயிற்று. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"ஓவர்," என்றேன்.

"ஓம் தம்பி, கேட்டது. நீங்கள் ஓவர் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான், ஓவர்."

வெட்கம் இன்னும் போகவில்லை. இன்றும் அவரோடுதான் விளையாடுகிறேன். எதிரி கழுத்தடியில் நின்றாலும் ஓவர் சொல்லிவிட்டுத்தான் சாகிறேன்.