யோசனை அண்ணனின் நடுக்கட்டம்

உலகத்திலேயே யோசிப்பதை ஒரு முழுநேர வேலையாகச் செய்தவர் எங்கள் யோசனை அண்ணன் ஒருவர்தான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். பாகான் டாலாமில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதிக் கண்ணை மூடிக்கொள்வார். தீவுக்குப் போகும் நீளப் பாலத்தில் பனியும் கடலும் கலந்து கிடக்கும். நகர்வது பஸ்ஸா, கடலா என்று பக்கத்தில் இருக்கும் எனக்கும் மயக்கமாகிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி கிளினிக்கில் இரத்தம் எடுத்து, ஒரு படிவமும் நீட்டுவார்கள். ‘பழக்கவழக்கத்தை மாற்றத் தயாரா?’ கீழே மூன்று கட்டங்கள்: தயாரில்லை, யோசிக்கிறேன், தயார். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அவரோ எட்டு வருடமாக நடுக்கட்டத்தை விட்டு அசையவில்லை.

“இன்னுமா யோசிக்கிறீங்க?” என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி தலையில் கைவைத்துக்கொள்வார்.

“கையெழுத்துப் போட்டிருக்கேன்லா, யோசிக்காம இருக்க முடியுமா?”

சொன்ன சொல் தவறமாட்டார். தினமும் காலை பத்து மணிக்குக் கேண்டீனில் பாலும் சீனியும் கலந்த ‘தே தாரிக்’ தேநீரும், எண்ணெய் மின்னும் இரண்டு ரொட்டி சானாயும் வாங்கிக்கொண்டு, மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி பத்து நிமிடம் யோசிப்பார்.

“யோசிக்க ரொட்டி எதுக்குண்ணே?”

“வெறும் வயித்துல யோசனை வருமா தம்பி?”

போன வருடம் என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவரைவிட எனக்குச் சர்க்கரை அதிகம். “இப்படியே போனா ஊசிதான் தம்பி,” என்றார் மிஸ்ஸி. என் அப்பா இதே நோயில் காலை இழந்தவர். பயத்தை மறைக்கக் கோபம் வந்தது. ‘தயாரில்லை’ கட்டத்தில் தாள் கிழியக் கிழியக் கோடு போட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் மேசையில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங், இரண்டு கிளாஸ். ரொட்டியைக் காணோம். ஒரு வாய் குடித்தார். விளக்கெண்ணெய் குடித்த பிள்ளையைப்போல முகம் கோணிப்போனது.

“குடி,” என்றார்.

“நீங்க இன்னும் யோசிச்சே முடிக்கலையேண்ணே?”

“எனக்குன்னா யோசிக்கலாம். உனக்குன்னா என்னாத்தலா யோசிக்கிறது?”

அன்றிலிருந்து மதியம் சாப்பிட்டதும் தொழிற்சாலையைச் சுற்றி நடை. வாசலில் கோரேங் பீசாங் வண்டி நிற்கும். வாழைப்பழம் பொரியும் வாசனையில் கண்மூடி ஒரு நிமிடம் நிற்பார், பெருமூச்சு விடுவார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார். இந்த வருடம் எங்கள் இருவருக்கும் சர்க்கரை இறங்கியது. ஊசி வேண்டாம் என்றார் மிஸ்ஸி.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ஜன்னலோரம் இப்போது நான் உட்காருகிறேன். பாலம் வந்ததும் பாதிக் கண்ணை மூடினால், அவர் நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே வருவதில்லை.