அண்ணனைப் போல ஒரு சான்றிதழ்

"கேக்குதா? உள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் மெக்கானிக்.

தையல்காரருக்குக் கேட்டது. தன் நெஞ்சிலேயே அடிப்பது போலவும் இருந்தது. மோட்டார் சைக்கிள் வேகப் போட்டிக்கு இன்னும் ஒன்பதே நாள். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குறைங்க" என்று, ஏதோ சட்டையைச் சொல்வது போல, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மேலும் மேலும் செதுக்க வைத்தவர் அவர்தான். அழுத்தம் ஏறினால் வேகம் ஏறும் என்பது அவர் கணக்கு. ஏறிய அழுத்தத்தைப் பெட்ரோல் தாங்கவில்லை; அதுதான் இந்தச் சத்தம்.

"கொஞ்சம் தளர்த்திடலாம். மரியாதையா ஓடும்."

"மரியாதையா ஓடுறதுக்கா இத்தனை பாடு பட்டோம்? பெட்ரோலை மாத்துங்க!"

தையல்காரர் வேதனை அவருக்கு. அண்ணன் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரு சான்றிதழ் தொங்குகிறது: 'புதிய சாதனை'. எவ்வளவு வேகம் என்று கேட்டால், "சொன்னா நம்ப மாட்டே" என்பார் அண்ணன். போன மாதம் தையல்காரரின் மகள் பள்ளிக்கூடத்தில் 'நான் போற்றும் வீரர்' என்று கட்டுரை எழுதினாள். வீரர், பெரியப்பா. அதைப் படித்த அன்று தையல்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டார்.

பெட்ரோலுக்குப் பதிலாக, அதிக அழுத்தம் தாங்கும் மெத்தனால் வந்தது. சுத்தியல் சத்தம் நின்றது.

"இது ரெண்டு பங்கு குடிக்கும். எரிபொருள் இறங்குற துளை, அந்த கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிசாக்கணும்," என்றார் மெக்கானிக்.

"எதுக்கு? சிக்கனமா ஓடட்டும்." துணியில் மிச்சம் பிடித்தே பழகிய கை.

எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறி, மூன்றாம் நாள் பிஸ்டனில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. சிலிண்டரும் கீறிப் போயிருந்தது. அதைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டார்கள்.

போட்டி மைதானத்தில், சாதனைகளைப் பதியும் வயதான எழுத்தர் எஞ்சின் அளவுகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எஞ்சின் உங்க பிரிவைத் தாண்டிடுச்சு. எரிபொருளும் பெட்ரோல் இல்ல. இப்படி ஒரு பிரிவுல இதுவரைக்கும் யாருமே ஓட்டினதில்லைங்க."

"அப்போ நான் ஓட்டக் கூடாதா?"

"தாராளமா ஓட்டலாம். எப்படியாவது கோட்டைத் தாண்டுங்க, அதுவே சாதனைதான்."

தையல்காரருக்குக் கண் கலங்கியது. வேலியோரம் நின்ற அண்ணனோ முகம் வெளுத்து ஓடி வந்தார்.

"வேணாம்டா தம்பி. வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"பொறாமைப்படாதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பாதித் தூரத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. தையல்காரர் இறங்கினார். கொதிக்கும் வெயிலில், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், வண்டியைத் தள்ளினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வேலியோரம் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் அவரைக் கோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எழுத்தர் எழுந்து நின்று கைகொடுத்தார். புதுச் சான்றிதழை மேஜையில் விரித்துப் பேனாவைத் திறந்தவர், பக்கத்தில் தலை குனிந்து நின்ற அண்ணனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மணிக்கு நாலு கிலோமீட்டர். வேகத்தை எழுதிடவா, இல்ல உங்க அண்ணன் தள்ளிக்கிட்டு வந்தப்போ செஞ்ச மாதிரி அந்த இடத்தைக் காலியா விட்டுடவா?"