வயிற்றில் தங்காத பால்

கடற்கரையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகைக்குப் பின்.

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஹாஜி ஷிர்வா அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஹோதனைக் கட்டியவனும், மீன் கொட்டகையில் எடை போட்டு ஓய்ந்தவனுமாகிய எல்மி சலாம் கூறி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே நானும் ஆடுகளும் நலம். கரோவேயில் தாங்களும் ஒட்டகங்களும் நலமா? அந்தப் பக்கம் மழை இறங்கியதா? ஹோதனும் நலம் என்று எழுத முடியவில்லை. காரணம் கீழே வருகிறது.

மச்சான், ஒரு வழக்கு தங்கள் தீர்ப்புக்காக வருகிறது. தொலைபேசியில் வரும் வழக்கைத் தொடமாட்டேன் என்று தாங்கள் சபதம் செய்திருப்பதால் எழுதுகிறேன். வாதி நான். பிரதிவாதி தங்கள் மூத்த மகன் குலேத். அவன் என் பக்கத்திலேயே பாயில் காலை நீட்டிப் படுத்து, போதைக்குக் காத் இலையை மென்றுகொண்டு, துப்பாக்கியை என் தலையணைமேல் சாய்த்துவைத்து, நான் எழுத எழுத வரிக்கு வரி படித்துக்கொண்டிருக்கிறான். தன் நியாயத்தையும் எழுதினால்தான் கடிதம் வீட்டை விட்டுப் போகுமாம். எழுதுகிறேன். எனக்கென்ன.

தங்கள் மகன் மீன் வியாபாரம் செய்கிறான் என்று கரோவேயில் சொல்லிவருகிறீர்களாம். அந்த மீன் வியாபாரத்தில் போன வருடம் ஒரு சரக்குக் கப்பல் மாட்டியது. (“கப்பல்னு எழுதாத மாமா, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு” என்கிறான். எழுதியாகிவிட்டது.) கப்பலில் இருந்தவர்களில் எந்திர அறையில் எண்ணெய் போடுகிற ஒருவனுக்கு, பிலிப்பைன்ஸ்காரன், ஆர்செனியோ என்று பெயர், கடுங்காய்ச்சல் கண்டது. ஊரிலேயே சிமெண்டுச் சுவரும் பூட்டுகிற கதவும் உள்ள வீடு என்னுடையது என்பதால் அவனைக் கொண்டுவந்து என் முன்னறையில் போட்டார்கள். என்னைக் கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. பிறகு கப்பல்காரர்களோடு பேச்சு முடிந்து மீட்புப் பணப் பெட்டியும் விமானத்திலிருந்து விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், பங்குச் சண்டை. இன்னும் ஒருத்தன் கரையில் கிடக்கிறான் என்று கப்பல் தலைவன் தொண்டை கிழியக் கத்தினானாம், சண்டையில் யார் காதிலும் விழவில்லை, துப்பாக்கியைக் காட்டிக் கப்பலை விரட்டிவிட்டார்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு குலேத் என் வீட்டுக்கு வந்து, முன்னறையைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, “மாமா, ஒண்ணு மிச்சம் விழுந்திருச்சே!” என்றான். உலகத்திலேயே கொள்ளையடித்த பொருளை மறந்து வைத்துவிட்டுப் போன கொள்ளைக்காரன் தங்கள் குடும்பத்தில்தான் இருக்கிறான்.

இனி வழக்கு. காய்ச்சல் விட்டு அவன் எழுந்து உட்கார்ந்த காலையில், பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்திருக்க, ஹோதன் பழக்கதோஷத்தில் ஒரு கிண்ணம் ஒட்டகப் பாலை அவன் கையில் கொடுத்து, “இது உன் வீடு. இந்தக் கூரைக்குக் கீழ உன்மேல இரும்பு படாது” என்று, வீட்டுக்கு வருகிற எவனுக்கும் சொல்வதைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பத்துப் பேர் கேட்டாயிற்று, அவனும் குடித்தாயிற்று. ஆக அவன் என் விருந்தாளி. என் விருந்தாளி என்றால் நம் குலத்துக்கே விருந்தாளி. அவனைத் தொட்டால் நம்மை நாமே தொட்ட மாதிரி. இதைத் தாங்கள்தான் மரத்தடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள்.

பிரதிவாதி நியாயம், அவன் வாயாலேயே: “மாமா, அந்தப் பாலு அவன் வயித்துல தங்குச்சா? ரெண்டு நாளு கடக்கரைக்கும் வீட்டுக்குமா ஓடுனானே, ஊரே பாத்துச்சே! தங்காத பாலுக்கு என்ன விருந்தாளி உரிமை? அவன் என் சரக்கு.”

ஒட்டகப் பால் அன்னியர் வயிற்றைக் கலக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவன் அதைச் சட்டமாக்குகிறான். நான் பதில் யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஹோதன் கரண்டியோடு வந்துவிட்டாள்.

“ஏண்டா, உங்கம்மா காய்ச்சலா கெடந்தப்ப உன்னைத் தூக்கி வளத்தவ நானு. நான் குடுத்த பாலு உனக்கு என்னைக்குடா தங்குச்சு? துணி தொவைச்சே என் கையி தேஞ்சுது. அப்ப நீயும் இந்த வீட்டுப் புள்ள இல்லையா?”

“அத்தே, அது வேற...”

“என்ன வேற? வயிறுன்னா வயிறுதான்!”

இதை எழுத வேண்டாம் என்கிறான். எழுதிவிட்டேன்.

விளையாட்டாக எழுதுகிறேனே ஒழிய, மச்சான், விஷயம் விளையாட்டில்லை. ஆர்செனியோவை, ஆளை விலைக்கு வாங்குகிற தெற்கத்திக் கூட்டத்துக்குத் தள்ளிவிட குலேத் பேசி முடித்திருக்கிறான். அவர்கள் கைக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று தங்களுக்கும் தெரியும். சிலர் திரும்பவேயில்லை. நேற்று அவன் வாசலில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தான். தெற்கத்தியான் ஒருவன் வந்து அவனை எழுப்பி நிற்கவைத்து, கையை அமுக்கிப் பார்த்து, பல்லைப் பார்த்துவிட்டுப் போனான். போன பிறகு ஆர்செனியோ, ஹோதனிடம் கற்ற அரைகுறைப் பேச்சில் என்னிடம், “எல்மி, நானு ஆடா?” என்று கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்றோடு வாழைப்பழத்தைப் பிசைந்து மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான், ஆடுகளுக்குப் பாட்டுப் பாடி அவற்றையும் கெடுத்துவைத்திருக்கிறான், எல்லாம் சரி. ஆனாலும் அவன் ஆடு இல்லை.

(இந்த இடத்தில் குலேத் இலையைத் துப்பிவிட்டு, “அப்பா தீர்ப்பு வர்ற வரைக்கும் தொடமாட்டேன், போதுமா? எழுதிக்க” என்கிறான். எழுதிக்கொண்டேன்.)

ஹோதன் விஷயம். ஆர்செனியோவைக் காப்பாற்ற வக்கில்லாத நீ ஒரு ஆம்பளையா என்று நேற்று முழுவதும் தெருவே திரண்டு நிற்கும்படி என்னோடு சண்டை. ஒரு பானையும் உடைந்தது. இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிவிட்டாள். பெண்பிள்ளை தனியே போகக் கூடாதென்று என் தங்கை மகளைத் துணைக்கு அனுப்புகிறேன். கடிதம் அவள் கையில் வரும். தங்கையைத் தாங்கள் கொஞ்சம் கண்டித்து அனுப்பவேண்டும்.

தங்கள் ஆயுளும் மந்தையும் பெருகட்டும். தங்கள் கிணறு வற்றாதிருக்கட்டும். தங்கள் வாயிலிருந்து நல்ல தீர்ப்பு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
எல்மி.

பி.கு.: காத் இலை வண்டி வந்துவிட்டது. குலேத் கடிதத்தை ஒருமுறை படித்துத் தலையாட்டிவிட்டு வண்டியைப் பார்க்க ஓடியிருக்கிறான். ஊர் ஆண்களெல்லாம் அங்கேதான், காவலுக்கு இப்போது யாரும் இல்லை. அவன் திரும்புவதற்குள் சுருக்கமாக எழுதுகிறேன். மேலே உள்ளதை நம்பவேண்டாம். தீர்ப்பு வரும்வரை தொடமாட்டேன் என்றானே, பொய். தெற்கத்தியார் படகு காலையிலேயே கரையில் வந்து நிற்கிறது. நானும் ஹோதனும் சண்டை போடவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து யோசித்துச் செய்த காரியம் இந்தச் சண்டை ஒன்றுதான். பானையை உடைத்தது நான். எனக்குத் தங்கை மகளே கிடையாது என்பது தங்களுக்கே தெரியும், குலேத்துக்குத்தான் நினைவில்லை.

வந்தவர்களுக்குக் குடிக்கப் பால் கொடுக்காமல் தாங்கள் எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை. ஆகவே ஹோதன் பக்கத்தில் கறுப்பு முகத்திரையோடு உட்கார்ந்திருப்பவன் இப்போது என் விருந்தாளி இல்லை, தங்கள் விருந்தாளி. அவனைத் தேடிக்கொண்டு தங்கள் மகன் முதலில் என்னிடம் வருவான். எங்கே என்று கேட்டால் ஒளிக்கப்போவதில்லை. உன் அப்பன் வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன், போய்க் கேள் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவன் என்னை என்ன செய்வான் என்று தெரியவில்லை, மச்சான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கள் வாசலில் வந்து துப்பாக்கியோடு நிற்கும்போது அவனுக்கு முகம் கொடுக்கவேண்டியவர் தாங்கள்தான்.