திருப்பி அனுப்பாத வருஷம்

அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். ஊருக்குள் அவருக்குப் பெயர் திருப்பி சார்.

மின்கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு அரசாங்கம் பாதிக் கட்டணத்தைக் கொடுக்கிற பிரிவு அவருடையது. கொடுக்கிற பிரிவு என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. யாராவது மனு கொண்டுவந்தால் அதில் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பார். வருஷக் கடைசியில், செலவாகாமல் கிடக்கும் பணத்தைத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பிய அன்றைக்கு அவர் முகத்தில் வருகிற திருப்தி, மகள் கல்யாணத்தை நல்லபடியாக முடித்த தகப்பன் முகத்தில்கூட வராது.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் கைநீட்டியதில்லை. அரசாங்கப் பணத்தைத் தன் பணம் மாதிரி இறுக்கிப் பிடிப்பார், அவ்வளவுதான். தன் பணத்தை எப்படிப் பிடிப்பார் என்று அவர் மனைவியைக் கேட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்வாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று பில் சேர்ந்து நின்றதில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். தையல் மெஷினில் இருந்த மோட்டாரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போனால் வேலையும் போச்சு. பிள்ளைகள் திருப்பி சார் வீட்டு வராந்தா விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தன.

அந்தம்மாவும் மனு கொடுத்தவள்தான்.

"வீட்டு ஓனர் கையெழுத்து இல்லையேம்மா," என்றார் திருப்பி சார்.

"அவர் செத்துப்போயிட்டார் சார்."

"அப்ப அவர் பிள்ளைங்க கையெழுத்து."

"வீடு யாருக்குன்னு அவங்க கோர்ட்டுல அடிச்சுக்கறாங்க சார்."

"தீர்ப்பு வந்ததும் கொண்டு வாங்க."

இதை வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மாவுக்குக் கொடுத்தா என்னங்க ஆயிடும்?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, கேட்ட விஷயத்தை அவள் ஒரே தடவையில் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.

அந்த வருஷம் முடியப்போகிற நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் மிச்சப் பணம் கஜானாவுக்குப் போகாது. செலவழிக்கத் தெரியாத அலுவலகங்களிடமிருந்து எடுத்து, தேவைப்படுகிற மற்ற அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். திருப்பி சார் அதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கே போனால் என்ன, தன் கையால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லையே என்ற நிம்மதி. சாயங்காலம் காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் மனைவியிடமும் சொன்னார். அவள் காது கொடுத்துக் கேட்டமாதிரியே தெரியவில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்காவிடம் பேசி நாளாயிற்று என்று போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

இங்கே அந்த அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரும் இதே இலாகா, இதே பதவி, பக்கத்து ஊர். திருப்பி சாருக்கு மூத்த சகலை. இரண்டு பேரும் விசேஷ வீடுகளில் பார்த்தால் தோளைத் தட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அலுவலக விஷயம் மட்டும் பேசமாட்டார்கள். பேசினால் யாராவது ஒருத்தர் தோற்க வேண்டியிருக்கும். சகலை கார் வாங்கின மாதத்தில் திருப்பி சாருக்கு வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கச் சொன்னார். டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மனைவி தலைவாரிக்கொண்டே சொன்னாள். "அக்கா வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமா இருக்காராம்."

"எதுக்காம்?"

"உங்க ஆபீஸ் பணம் அவங்க ஆபீசுக்கு வருதாமே."

திருப்பி சார் சட்டைப் பட்டனைப் போடுவதை நிறுத்தினார். "யார் சொன்னது?"

"அக்கா சொன்னா."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா வீட்டுக்காரர் எதையும் மறைக்க மாட்டாரு."

"சுற்றறிக்கையில எந்த ஆபீசுக்குன்னு போடலையே."

"எனக்கென்னங்க தெரியும். பணத்தைக் குடுக்கறதுக்கு ஒரு கூட்டம் போடப்போறாராம். மேடை, மைக், போட்டோ எல்லாம் உண்டாம். உங்களையும் கூப்பிடணும்னு சொல்லிட்டிருந்தாராம்."

"என்னை எதுக்கு?"

"நன்றி சொல்ல."

திருப்பி சார் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். ஒரு தோள் மேலும் ஒரு தோள் கீழுமாக இருந்த சட்டையோடு, பேருந்தில் நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தார். உயிர் போனாலும் சரி, தன் அலுவலகத்திலிருந்து ஒரு காசு இந்த ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதற்கு ஒரே வழி, அத்தனையையும் இங்கேயே கொடுத்துத் தீர்ப்பது.

கொடுப்பதென்று முடிவு செய்த பிறகுதான், வாங்க ஆள் வேண்டும் என்பது தெரிந்தது. வாசலில் பெரிதாகப் பலகை வைத்தார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் இருந்த கிளார்க் அம்மா பலகையைப் படித்துவிட்டு, "நிஜமா சார்?" என்று கேட்டாள். அவளே நம்பவில்லை.

சரி, நாமே போவோம் என்று மனுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த தெருவுக்குப் போனார். அவர் தலை தெரிந்ததும் வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. கரண்டை வெட்ட வந்திருப்பதாக நினைத்து ஒருத்தர் மீட்டருக்கு முன்னால் கட்டிலைப் போட்டு அதில் தன் மாமனாரையும் படுக்கவைத்துவிட்டார். கடைசி வீட்டில் ஒரு பழ வண்டிக்காரர் மட்டும் தப்பிக்க நேரமில்லாமல் மாட்டிக்கொண்டார்.

"மின்கட்டண உதவி வேணுமாங்க?" என்று திருப்பி சார் முடிந்த அளவு சிரித்தமுகமாகக் கேட்டார். பழக்கமில்லாததால் சிரிப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"போன வருஷம் தெரியாம கேட்டுட்டேன் சார்," என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். "இனிமே கேக்க மாட்டேன்."

திருப்பி சார் அவரிடம் இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேரம்கூடப் பேசவில்லை.

"என்னங்க ஒருமாதிரி இருக்கீங்க," என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. பொதுவா கேக்கறேன். ஜனங்க ஏன் மனு குடுக்க வரமாட்டேங்கறாங்க?"

"எனக்கென்னங்க தெரியும், வீட்டுல கெடக்கறவ." ஆரஞ்சை உரித்தாள். "அக்கா ஊர்ல ஆபீசை சாயங்காலமும் திறந்து வைக்கிறாராம். பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்கல்ல."

"அந்த ஆளு சாயங்காலம் திறந்தா நான் ஞாயித்துக்கிழமையும் திறப்பேன்."

"வேண்டாங்க, உடம்பு என்னத்துக்கு ஆகும். அப்புறம் அங்க ஓனர் கையெழுத்தெல்லாம் கேக்கறதில்லையாம். குடியிருக்கறவங்கன்னு தெரிஞ்சா போதுமாம்."

"விதியை மீறி எப்படிச் செய்வார்? மாட்டிப்பார் பாரு."

"அதான் நானும் அக்காகிட்ட சொன்னேன். எதுக்கும் நீங்க ஒரு தடவை விதியைப் பாத்துடுங்க. அவர் மாட்டினா அக்கா பாவம்."

சகலை மாட்டுவார் என்ற ஆசையில் திருப்பி சார் மறுநாள் விதிகளை முதலிலிருந்து படித்தார். ஓனர் கையெழுத்து என்ற பேச்சே அதில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கட்டத்தை மனுவில் சேர்த்தது அவர்தான், பதவிக்கு வந்த புதிதில். அது அவருக்கே மறந்துபோயிருந்தது. கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடிக்கச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, காகிதம் மிச்சமாகும் என்றார்.

புதிய மனுவோடு முதலில் போனது தையல்காரம்மா வீட்டுக்கு. அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னும் என்ன குறை சார்?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. இதுல கையெழுத்துப் போடுங்க."

அவள் தாளை வாங்கி முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பார்த்தாள். "ஓனர் கையெழுத்து எங்க போடணும்?"

"வேண்டாம்."

"நெஜமாவே வேண்டாமா, இல்ல அப்புறமா வேணுமா?"

"எப்பவுமே வேண்டாம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டும் தாளை உடனே விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்கள்.

உதவிப் பணத்தோடு தன் பாதியையும் தையல்காரம்மா கட்டி, இணைப்பு வந்த அன்று திருப்பி சார் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வராந்தாவில் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளைக் காணோம். அவர்களுடைய வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. முகத்தில் ஈரம் காய்கிறவரை துண்டை எடுக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சகலை ஞாபகம் அப்போது மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தையல்காரம்மாவிடம் துணி கொடுப்பவர்கள் மூன்று தெரு தாண்டியும் இருந்தார்கள். அளவு எடுக்கும்போதே விஷயத்தையும் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அலுவலக வாசலில் வரிசை நின்றது. மீட்டர் முன்னால் படுத்திருந்த மாமனாரே ஊன்றுகோலோடு வந்தார். பழ வண்டிக்காரர் வந்தார், வண்டியையும் கொண்டுவந்தார். வரிசையில் நின்றவர்களுக்கு வியாபாரமும் ஆயிற்று. குறை இருந்த மனுக்களைத் திருப்பி சாரே பேனா எடுத்துத் திருத்தினார். வருஷம் முடிகிறபோது கொடுக்க வந்த பணம் முழுக்கத் தீர்ந்து, வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் சகலையும் சாப்பிட வந்தார்கள். மனைவிதான் கூப்பிட்டிருந்தாள். திருப்பி சார் வாசலுக்கே போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார். தோற்றவனுக்கு மரியாதை செய்வதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், சகலையும் அதே மாதிரி அவர் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

சாப்பாடு முடிகிறவரை பொறுத்துப் பார்த்தார் திருப்பி சார். அப்புறம் முடியவில்லை.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. இந்த வருஷம் எங்க ஆபீஸ்ல எதுவும் மிஞ்சலை."

"அட, அதையேதான் நான் சொல்ல வந்தேன் சகலை," என்றார் அவர். "எங்க ஆபீஸ்லயும் தொடைச்சு வச்சாச்சு. பாவம், நீங்க ஆசையா மேடையெல்லாம் போட்டு வச்சிருந்தீங்களாம்."

"நானா? நீங்கதானே மேடை?"

"எனக்கெதுக்கு மேடை? எங்க பணம் உங்களுக்கு வருது, நீங்க என்னை மைக்குல நன்றி சொல்லி அசிங்கப்படுத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டு, ரெண்டு மாசமா சாயங்காலம் நான் வீட்டுக்கே போகலை. ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ்."

"ஞாயித்துக்கிழமை திறந்தது நானு."

"நீங்க திறக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் நான் திறந்தேன்."

இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே அக்காவும் தங்கையும் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரொம்பச் சுத்தமாக இருந்த பாத்திரத்தை.

திருப்பி சார் மனைவியைக் கூப்பிட்டார். "பணம் அண்ணன் ஆபீசுக்குப் போகுதுன்னு நீ சொன்னியா இல்லையா?"

"அக்கா சொன்னான்னு சொன்னேன்."

"அப்ப அண்ணி சொன்னது பொய்யா?"

"அக்கா பொய் சொல்ல மாட்டா. நான் சொல்லச் சொன்னதைச் சொன்னா."

சகலை தன் வீட்டுக்காரியைப் பார்த்தார். "நீ?"

"நானும் தங்கச்சி சொன்னதைத்தான் உங்ககிட்ட சொன்னேன்," என்றாள் அக்கா. "எங்க ரெண்டு பேருக்குள்ள எதுவும் ஒளிவுமறைவு கிடையாது."

கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். யார் முதலில் கோபிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில் நேரம் போய்விட்டது.

"கேக்கணும்னு இருந்தேன்," என்று மனைவி மேஜையைத் துடைத்தபடி ஆரம்பித்தாள். "பணம் தீர்ந்தப்ப வரிசையில நின்னவங்க என்ன ஆனாங்க?"

"அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்," என்றார் சகலை, சுரத்தில்லாமல்.

"மத்த ஊர் ஆபீஸ்ல இன்னும் மிச்சம் கெடக்குமே. அதைத் தேவைப்படற ஆபீசுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்குத் தேவைப்படுதுன்னு எழுதிப் போட்டா?"

சகலை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்துத் திருப்பி சார் அவசரமாகப் பேனாவைத் தேடினார். இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுதினார்கள். சகலை எவ்வளவு கேட்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி சார் தன் தொகையை அடித்துக் கூட்டிப் போட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சகலை இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டார்.

எழுதி முடித்து, உறை எங்கே என்று கேட்டார் திருப்பி சார். மனைவி அலமாரியைத் திறந்து இரண்டு உறைகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் தலைமை அலுவலக முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டி, பசை காய்ந்திருந்தது.