இருப்பு நிர்வாகத்தில் தேறியவர்

தேர்வு எழுதித் தோற்றவர்களால் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லை. தேறியவர்களால்தான். அதிலும் உற்பத்தி, சரக்கு இருப்பு நிர்வாகம் என்ற படிப்பில் தேறி, அமெரிக்காவிலிருந்து வந்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர் இருக்கிறாரே, அவர் தனி இனம். எங்கள் கோஸ்தனாய் நகரத்தில் தொழிற்சாலைக்கு ஒருவராவது அகப்படுவார். நான் வேலை பார்க்கும் சேமியாத் தொழிற்சாலையில் அவர் பெயர் மக்சூத். எனக்குப் பக்கத்து மேசை, என் தலையெழுத்து.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து ஒட்டியிருக்கும். அது முதலில் விசிட்டிங் கார்டில் வரும், பிறகு வீட்டு வாசல் பலகையில், கடைசியில் பல் வைத்தியரிடம் பெயர் சொல்லும்போதும் வாயில் வந்துவிடும். படிக்கிற காலத்தில் மக்சூத் சாதுவாகத்தான் இருந்தார். லாரி இறக்கும்போதும், கழிவறையிலும், மாமனார் இறந்த வீட்டிலும் கேள்வி அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை தோற்றபோது சில நாள் யாரோடும் பேசவில்லை. அந்த மௌனம் நீடித்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். மறுபடி எழுதித் தேறிவிட்டார்.

தேறிய பிறகு இவர்கள் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை. தேவை தெரியும், வரத்து தெரியும், தேக்கம் தெரியும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது சட்டம். ஆகவே மக்சூத் வீட்டில் இன்று வாங்கிய ரொட்டியை இன்று தின்ன முடியாது, நேற்றையது தீர வேண்டும், அது தீரும்போது இன்றையதும் நேற்றையதாகியிருக்கும். உறவினர்களை மூன்று வகையாகப் பிரித்தார்: அடிக்கடி உதவுபவர், எப்போதாவது உதவுபவர், சும்மா இடத்தை அடைப்பவர். மைத்துனர்கள் எந்த வகை என்று நான் சொல்லவும் வேண்டுமா? நம் வழக்கங்களில் அவர் மனதார ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். விருந்தாளி சீக்கிரம் எழுந்துவிடக் கூடாது, திரும்பத் திரும்பக் கிண்ணத்தை நீட்ட வேண்டும் என்ற ஆசையில் நாம் பாதிக் கிண்ணம் தேநீர்தானே ஊற்றுகிறோம்? அதைப் பார்த்துவிட்டு, "கவனிச்சியா, சின்னச் சின்னத் தொகுதி. கேக்கும்போது மட்டும் உற்பத்தி. நம்ம முன்னோர்லாம் பரீட்சை எழுதாமலே பாஸ் பண்ணியிருக்காங்க" என்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் குளிர்காலம் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லா வீட்டிலும் குதிரை அடித்து, வசந்தம் வரைக்கும் இறைச்சி சேர்த்து வைத்தார்கள். மக்சூத் வீட்டு உறைபெட்டியில் மட்டும் காற்று உறைந்துகொண்டிருந்தது. மனைவி ரைகுல் பொறுத்துப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"நாம எப்பங்க குதிரை வாங்கறது?"

"பெட்டியில கிடக்கிற குதிரை தூங்குற பணம், ரைகுல். சந்தை பக்கத்துலதான இருக்கு. வேணுங்கறப்ப வேணுங்கற அளவு வாங்கிக்கலாம்."

"திடீர்னு ஆள் வந்தா?"

"ஆள் வர்றதையும் கணிக்கலாம். அதுக்குச் சூத்திரம் இருக்கு."

"இருந்தா உங்க அக்கா வர்ற தேதியச் சொல்லுங்க. அன்னிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

அக்கா வரவில்லை. சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மகள் தோக்ஜான் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு பையனை விரும்பினாள், நல்ல பையன். கல்யாணத் தேதி குறிக்க அவன் வீட்டார் வருவதாக இருந்தது. பையனின் அம்மா சவுலேவுக்கு மக்சூத் போன் போட்டு, "சம்பந்தியம்மா, சரியா எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டார். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா இது? "அஞ்சு பேர்" என்றாள் சவுலே.

நம் ஊரில் அஞ்சு என்றால் அஞ்சா? வண்டி கிளம்பி வந்து சேரும் வரை யார் யார் ஏறிக்கொள்வார்கள் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. மக்சூத்தோ அஞ்சு பேருக்கும் வீட்டாருக்கும் எடை போட்டு இறைச்சி வாங்கினார். கூடவே ஒரே ஒரு ஆளுக்கு அதிகம். அதற்குப் பாதுகாப்பு இருப்பு என்று பெயராம்.

ஒன்பது பேர் வந்தார்கள். வெளியே பனிப்புயல், சந்தை மூடிக் கிடந்தது. பெண் வீட்டு ஆளாக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ரைகுலும் தோக்ஜானும் பசியில்லை என்று சொல்லிச் சாப்பிடவே இல்லை. அப்படியும் பெரிய தட்டு வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. பேச்செல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தேதி குறிப்பதற்கு முன் சவுலே கைப்பையிலிருந்து மடித்த பை ஒன்றை எடுத்தாள். சர்கித்துக்காக. விருந்தில் மீந்ததில் கொஞ்சம், வர முடியாதவர்களுக்காக அந்த வீட்டின் வாழ்த்தாகக் கொண்டுபோவது. சம்பந்தம் பேச வந்தவர்களை அது இல்லாமல் அனுப்பினால், பெண் கொடுக்க மனமில்லை என்று பொருள். ரைகுலின் முகத்தில் ரத்தமே இல்லை. மக்சூத் முகத்தில் பெருமை வழிந்தது.

"மீதியே இல்ல, சம்பந்தியம்மா. ஒரு துண்டுகூட வீணாகல. எங்க படிப்புல இதுக்குத்தான் முழு மார்க்கு."

"வீட்டுல வேற எதுவும் இருப்பு இல்லையா?"

"நாங்க வைக்கறதில்ல. வந்தது வந்தபடி போயிடணும்."

சவுலே பையை நிதானமாக மறுபடி மடித்தாள். "உங்களுக்குப் பொண்ணு எத்தனை?"

"இவ ஒருத்திதான்."

"அப்ப இவளை நீங்களே வச்சுக்கங்க. ஒரு வீட்டுல கடைசியா இருக்கறதை எடுத்துட்டுப் போற வழக்கம் எங்களுக்கு இல்ல."

ஒன்பது பேரும் எழுந்து பூட்ஸ் மாட்டினார்கள். தோக்ஜான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மக்சூத் மறுநாள் அலுவலகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "அஞ்சுன்னாங்க, ஒன்பது பேர் வந்தாங்க. தப்பான தகவல் கொடுத்தது வாடிக்கையாளர்."

அந்த வாரமே ரைகுல் ஒரு குதிரை வாங்கினாள். சூத்திரம் எதையும் கேட்கவில்லை. அதில் நல்ல பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் சவுலே வீட்டு வாசலில் இறக்கினாள். "இன்னொரு பாதி எங்க வீட்டுல இருக்கு, சம்பந்தி. இப்பப் பொண்ணைப் பத்திப் பேசலாமா?" என்றாள். சவுலே சிரித்துவிட்டாள். மே மாதம் கல்யாணம். மக்சூத் இப்போது ஊர் ஊராகப் போய், நெருக்கடியில் இருப்பை இடம் மாற்றிய தன் அனுபவத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கிறார். அடுத்த தேர்வுக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு நேரம் மக்சூத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்பது பேர் வந்தார்கள் என்று நான் சொன்ன இடத்தில் உங்கள் மனம் தோக்ஜானிடம் போனதா, இல்லை இன்னும் எத்தனை கிலோ வாங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். கணக்குப் போட்டிருந்தீர்கள் என்றால், உங்கள் வீட்டு விருந்துக்கு நான் சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.