கம்பெனிக்காரரின் அக்கறை

"சாப்பிட்டீர்களா? உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

மனைவியின் கைபேசித் திரையில் இந்த வாசகம் ஒளிர்ந்தபோது, கண்காணிப்பாளரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

"யாரு இது?"

"கிளிப் கம்பெனிக்காரர்" என்றாள் மனைவி, தலையை உயர்த்தாமல்.

"கிளிப் விக்கிறவனுக்கு நீ சாப்பிட்டா என்ன, பட்டினி கிடந்தா என்ன?"

"மொத்தமா வாங்குறவங்களை அப்படித்தான் விசாரிப்பாங்க. அந்த நாட்டுல அது வழக்கம். இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க?"

அவள் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கூந்தல் கிளிப்புகளை மொத்தமாகத் தருவித்து, இணையத்தில் சில்லறையாக விற்றுவந்தாள். வீட்டின் பின்னறை நிறைய அட்டைப்பெட்டிகள். கண்காணிப்பாளர் அந்த அறைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அவருக்குப் பெட்டிகளின்மீது கோபமில்லை. அவற்றை அனுப்பியவன்மீதுதான் கோபம். அவனுடைய படத்தை ஒருமுறை திரையில் பார்த்திருந்தார். இளவயது, இஸ்திரி கலையாத மேலங்கி, கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிகிற சிரிப்பு. செய்தி அவனுடைய மொழியிலிருந்து தமிழுக்குத் தானாக மாறி வருகிறதாம். மாறி வந்தும் அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாதது எரிகிற வயிற்றில் எண்ணெய் வார்த்தது.

தாம் மனைவியை இப்படி விசாரித்ததுண்டா என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. அந்தக் குறையை அன்று மாலையே தீர்த்துவிட எண்ணி, வீட்டுக்குள் நுழைந்ததும் குரலைக் குழைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

அவள் பதறி எழுந்து அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? எதுவானாலும் மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. நீ அந்தக் கம்பெனியை விட்டுட்டு வேற இடத்துல வாங்கேன்."

"நல்லா இருக்கே! சொன்ன தேதிக்குச் சரக்கு வருது, ஒரு கிளிப் உடைஞ்சாலும் மாத்திக் குடுக்கறாங்க. இப்பக்கூட அவங்ககிட்டேயிருந்து ஒரு நல்ல சேதி..."

"அவன் சேதி எனக்கு எதுக்கு?" என்று செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவளும் சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஆண்களையும் அவன் விசாரிக்கிறானா என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று கண்காணிப்பாளருக்குத் தோன்றியது. விசாரித்தால் அது வழக்கம். விசாரிக்காவிட்டால் அது வேறு. புதிய எண் ஒன்றை வாங்கினார். இல்லாத கடை ஒன்றுக்குத் தம்மை முதலாளியாக நியமித்துக்கொண்டார். கம்பெனியின் இணையதளத்தில் ஆண் என்பது ஐயமறத் தெரியும்படி எழுதி, கிளிப் விலை கேட்டார்.

"விலைப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். இவர் சாப்பிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று கேள்வியே இல்லை. கண்காணிப்பாளருக்குக் காது மடல்கள் சூடேறின. பிறகு, அவர் நியாயமான மனிதராகையால், வாங்காதவனை எவன் விசாரிப்பான் என்று நினைத்து மாதிரிக்கு ஒரு பை கிளிப் வரவழைத்தார். வீட்டு விலாசம் கொடுப்பதற்கு அவர் என்ன முட்டாளா? அலுவலக விலாசம் கொடுத்தார்.

"நன்றி" என்றது கம்பெனி.

ஒரு பெட்டி வாங்கினார். "மிக்க நன்றி" என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சில பெட்டிகளுக்குச் சொன்னார். மறுநாள் மதியம் கைபேசி சிணுங்கியது.

"சாப்பிட்டீர்களா?"

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். வழக்கம்தான்! மனைவிமீது பழுதில்லை. அத்துடன் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவில்லை. அதை எழுதியும் விட்டார்.

"கோப்புகள் எங்கும் ஓடிவிடா. முதலில் போய்ச் சாப்பிடுங்கள்" என்று பதில் வந்தது.

போய்ச் சாப்பிட்டார். சாப்பாடு இறங்கிய விதமே தனியாக இருந்தது.

அதுமுதல் தினமும் எழுதினார். தாம் கடை முதலாளி என்பதையே மறந்து மேலாளரின் சிடுசிடுப்பை எழுதினார்; முழங்கால் வலியை எழுதினார். "வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை. மனைவி எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கிறாள்" என்றும் எழுதினார்.

"நீங்கள் அவரிடம் எப்போதாவது பேசிப் பார்த்தீர்களா?" என்று கம்பெனி கேட்டது.

"அவளுக்கு ஏது நேரம்?" என்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தட்டினார். வெளியே பின்னறையில் மனைவியும் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் உள்ள இருப்பீங்க?" என்றாள் அங்கிருந்தபடியே.

"மனுஷன் நிம்மதியாக் குளிக்கக்கூடாதா?"

"முதல்ல தண்ணியைத் திறங்க. அப்புறம் நிம்மதியாக் குளிக்கலாம்."

உரையாடல் நீடிக்கச் சரக்கும் வாங்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அலமாரி நிரம்பி, மேசையடி நிரம்பி, மாடிப்படி வரைக்கும் பெட்டிகள் இறங்கிவிட்டன. இடத்தைக் குறைக்க எண்ணிக் கண்காணிப்பாளர் கிளிப்புகளை இலவசமாக வழங்கினார். பெண் ஊழியர் அனைவரும் ஒரே மாதிரி கிளிப் குத்திக்கொண்டு வந்தனர். மேலாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இது ஆபீசா, ஃபேன்சி ஸ்டோரா? நீங்க வாரி வாரிக் குடுக்கறதைப் பார்த்தா, அடுத்தது எனக்கும் ஒண்ணு குத்திவிடுவீங்க போலிருக்கே!"

"உங்களுக்கு முடி இருந்தா குத்தலாம் சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் பெட்டிகள் வெளியேறாவிட்டால் கண்காணிப்பாளர் வெளியேறலாம் என்று மேலாளர் எழுத்துமூலம் தெரிவித்தார்.

அந்தத் துயரத்தைக் கம்பெனிக்கு எழுதிவிட்டுக் குளியலறையைவிட்டு வெளியே வந்தால், மனைவி கைபேசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"யாரு?"

"வேற யாரு, வியாபாரம்தான்."

கண்காணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. தம் வேலையே போகும் செய்திக்கு அவன் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குள் இவளுக்கு நகைச்சுவை அனுப்ப அவனுக்கு நேரம் இருக்கிறது! இதுவரை அவன்மீது இருந்த பொறாமை முழுவதும் ஒரே நொடியில் மனைவியின்மீது திரும்பியது. மீண்டும் குளியலறைக்குள் புகுந்தார்.

"இந்த ஊரில் உங்களிடம் கிளிப் வாங்கும் ஒரு பெண்மணி இருக்கிறார். அவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். வாய் நீளம். பிடிவாதம் அதிகம். சமையலும் சுமார்தான். அவரோடு தொடர்பை விட்டுவிடுங்கள்; உங்களுக்கு நான் ஒருவனே போதும்" என்று எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்துக் காற்புள்ளி ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்.

வெளியே சிரிப்புச் சத்தம் நின்றது.

இரவு உணவின்போது மனைவி தட்டை மேசையில் வைத்த ஓசை பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கம்பெனி அவளைக் கைவிட்டுவிட்டது போலும் என்று கண்காணிப்பாளர் உள்ளுக்குள் மகிழ்ந்தார். மகிழ்ச்சியோடு கொஞ்சம் குற்றவுணர்வும் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, யாராவது என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் திடீரென்று.

"இது என்ன கேள்வி? தங்கமானவ, பொறுமைசாலி, அவ கைச்சமையலை நாள்பூராச் சாப்பிடலாம்னு சொல்லுவேன்."

"அப்படியா?" என்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. சுமாராத்தான் இருக்கும்."

காலையில் கம்பெனியின் பதில் வந்தது. "தகவலுக்கு நன்றி. உங்களோடு வியாபாரம் முடிந்தது. மீதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வண்டி வரும்."

ஒரு பொல்லாத வாடிக்கையாளருக்காக உற்ற நண்பர் தம்மை உதறிவிட்டார்! வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் இவரைப் பார்த்ததும் ஏனோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"இதெல்லாம் கப்பல்ல ஏத்தித் திரும்ப அந்த நாட்டுக்கா போகுது?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார் கண்காணிப்பாளர்.

"கப்பலா? உங்க வீட்டுப் பின்னறைக்குத்தான் சார் போகுது. இந்த ஊருக்குக் கம்பெனி புதுசாப் போட்ட ஏஜென்ட்டே உங்க வீட்டம்மாதானே? வர்ற மெசேஜுக்கெல்லாம் அவங்கதான் பதில் போடறாங்க. உங்க ஆபீஸ் விலாசத்துக்கு முதல் பையை அனுப்பும்போதே, 'அது எங்க வீட்டுக்காரருதான், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க'ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க!"